லவ்டேலுக்கு ஒரு பழைய சூளை

குன்னூரிலிருந்து உதகைக்கு ஏறும் மலை ரயில் கேத்தியைத் தாண்டி லவ்டேலில் நிற்கும்போது, கண்ணுக்குத் தெரிவதெல்லாம் யூக்கலிப்டஸ் மரங்களும் மூடுபனியும்தான். கடல் மட்டத்துக்கு 7,000 அடிக்கும் மேலே உள்ள இந்தக் குளிர்ந்த ஊருக்கும் சூளைக்கும் உலைக்கும் என்ன தொடர்பு என்று தோன்றும். தொடர்பு இருக்கிறது. லவ்டேலுக்கு அதிகத் தொலைவில்லாத கொல்லிமலை (நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை வேறு) கோத்தர்களின் ஊர். மொழியியலாளர் எமனோ 1944 முதல் 1946 வரை வெளியிட்ட கோத்தர் மொழித் தொகுதிகளால் உலகம் அறிந்த சமூகம் இது. துருத்தி ஊதி இரும்பு அடிப்பது கோத்தர் ஆண்களின் வேலை, மண்பாண்டம் செய்வது பெண்களின் வேலை. அண்டைச் சமூகங்களான தோடருக்கும் படகருக்கும் அரிவாளும் கோடரியும் பானையும் இவர்கள் கையிலிருந்துதான் போயின. பதிலுக்கு நெய்யும் தானியமும் வந்தன. பானைகளைச் சுட அவர்கள் கட்டடம் எதுவும் எழுப்பவில்லை. திறந்த வெளியில் அடுக்கி, எரிபொருளால் மூடி, தீ வைத்தார்கள்.

இன்னொரு பக்கம் எல்லநள்ளி என்ற ஊர். 1949ல் அங்கே தொடங்கிய நீடில் இண்டஸ்ட்ரீஸ் தொழிற்சாலையிலிருந்து தையல் ஊசிகள் இன்றும் நாடெங்கும் போகின்றன. எஃகுக் கம்பியை ஊசியாக நீட்டினால் மட்டும் அது ஊசியாகிவிடாது. செந்தணலாகக் காய்ச்சி, சட்டென்று குளிர்வித்து, மறுபடி மிதமாகச் சூடாக்கினால்தான் வளையாத, ஒடியாத முனை கிடைக்கும். தேயிலைத் தொழிற்சாலைகளிலும் இலையை உலர்த்தும் வெப்பக்காற்று ஓர் உலையிலிருந்துதான் வருகிறது. ஆகவே நெருப்பைக் கையாளும் அறிவு இந்த மலைக்குப் புதிதல்ல. மண் பிசைய விரும்புகிறவர்கள், செம்பில் எனாமல் பூசக் கற்றவர்கள், சிறு கத்தி அடிக்க நினைப்பவர்கள், பள்ளிப் பிள்ளைகளுக்குக் கைவேலை சொல்லிக்கொடுப்பவர்கள் எல்லாரும் சேர்ந்து பயன்படுத்தும் ஒரு பட்டறைதான் இங்கே அருமை. அப்படி ஒன்றை அமைக்க லவ்டேலில் பத்துப் பேர் கூடினால் என்ன வாங்க வேண்டும், எப்படிப் பார்த்து வாங்க வேண்டும் என்பதைத்தான் இங்கே விளக்க முயல்கிறேன். புதுச் சூளையின் விலை ஒரு தனிக் கலைஞருக்கு எட்டாதது. பழையதை வாங்கிப் பகிர்ந்துகொள்வது மிக நல்ல வழி. ஆனால் பெரும்பாலோர் விலையை முதலில் கேட்கிறார்கள், அளவை அடுத்துக் கேட்கிறார்கள், செங்கல்லைக் கடைசியில் பார்க்கிறார்கள். அந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும்.

மின்சூளை என்பது உள்ளபடியே எளிய கருவி. இரும்புத் தகட்டுக் கூடு, அதற்குள் வெப்பம் தாங்கும் செங்கல் சுவர், சுவரின் பள்ளங்களில் சுருள் கம்பி, உள்ளே எட்டிப் பார்க்கும் ஒரு வெப்பமானி, வெளியே கம்பிக்கு மின்சாரத்தை விட்டு விட்டுக் கொடுக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி. அவ்வளவுதான். இவற்றில் கம்பி தேயும், மாற்றலாம். வெப்பமானி தேயும், மாற்றலாம். கட்டுப்பாட்டுப் பெட்டி கெட்டால் கோயம்புத்தூரில் எந்தப் பேனல் போர்டு கடையிலும் புதிதாகச் செய்து தருவார்கள். மாற்றுவதற்குப் பெரும் செலவும் உழைப்பும் கேட்பது செங்கல் சுவர் ஒன்றுதான். ஆகவே பழைய சூளை வாங்குகிறவர் உண்மையில் செங்கல்லுக்குத்தான் விலை கொடுக்கிறார்.

அந்தச் செங்கல் வீடு கட்டும் செங்கல் அல்ல. உள்ளெல்லாம் நுண்துளைகள் நிறைந்து, ரஸ்க் போல லேசாக இருக்கும். நகத்தால் கீறினால் பொடி உதிரும். துளைகளில் அடைபட்ட காற்றுதான் வெப்பத்தை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. இதற்குத் தரவரிசை உண்டு. 23 என்று குறித்த செங்கல் 2,300 பாரன்ஹீட், அதாவது 1,260 டிகிரி செல்சியஸ் வரைக்குமானது. 26 என்பது சுமார் 1,430 டிகிரிக்கு. சுடுமண் வேலைக்கு 1,000 டிகிரி போதும் என்பதால் முதல் வகையே தாராளம். கெட்டியான ஸ்டோன்வேர் பாத்திரங்களுக்கு 1,200 முதல் 1,280 வரை போக வேண்டும். எல்லைக்கு அருகிலேயே எப்போதும் ஓட்டினால் செங்கல் சுருங்கி விரிசல் விடும் என்பதால், அந்த வேலைக்கு 26 வேண்டும்.

மயிரிழை விரிசல்களைக் கண்டு பயப்பட வேண்டாம். சூடேறிச் சூடேறி ஆறும் எந்தச் சுவரிலும் அவை வரும், சூளை காயும்போது விரிந்த செங்கல்லே அவற்றை மூடிக்கொள்ளும். பார்க்க வேண்டியவை வேறு. கம்பி உட்காரும் பள்ளங்களின் உதடுகள் உடைந்திருக்கின்றனவா? உடைந்திருந்தால் சூட்டில் தளர்ந்த கம்பி வெளியே தொங்கிவிடும். தரையிலும் சுவரிலும் கண்ணாடிபோல் பளபளக்கும் திட்டுகள் இருக்கின்றனவா? அவை பாத்திரத்துக்குப் பூசும் கண்ணாடிப் பூச்சான கிளேஸ் வழிந்த இடங்கள். உருகிய கிளேஸ் ஒவ்வொரு சூட்டிலும் மறுபடி உருகிச் செங்கல்லை அரித்துக்கொண்டே போகும். ஓரிரண்டு இடம் என்றால் குடைந்து எடுத்து ஒட்டுப் போடலாம். சுவர் முழுக்கப் பளபளத்தால் அது உப்பு தூவிச் சுட்ட சூளையாக இருக்கலாம். விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிட்டு வாருங்கள்.

அடுத்தது கம்பி. 1906ல் ஆல்பர்ட் மார்ஷ் என்ற அமெரிக்கர் நிக்கலும் குரோமியமும் கலந்த கம்பிக்குக் காப்புரிமை பெற்ற பிறகுதான் மின்சாரத்தால் நெடுநேரம் சூடாக்கும் கருவிகள் சாத்தியமாயின. ஆனால் நிக்ரோம் 1,150 டிகிரியை ஒட்டித் தளர்ந்துவிடும். இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த காந்தல் கம்பி ஸ்வீடனிலிருந்து வந்து அந்த எல்லையை உயர்த்தியது. சூடேறும்போது அதன் மேல் அலுமினியம் ஆக்சைடு தோல் ஒன்று படிந்து கம்பியைக் காக்கிறது. அதற்கு விலையாக, ஒருமுறை நன்றாகக் காய்ந்த காந்தல் கம்பி குளிர்ந்த நிலையில் நொறுங்கும் தன்மை அடைந்துவிடுகிறது. வாங்கப் போன இடத்தில் தொங்கும் சுருளைப் பார்த்து, இதைக் கொஞ்சம் உள்ளே தள்ளிவிடலாமே என்று விரலை வைத்தால் முறிந்துவிடும். பர்னரால் செக்கச் சிவக்கச் சூடாக்கிய பிறகுதான் அதை வளைக்க வேண்டும்.

கம்பியின் வயதை ஒரு சாதாரண மல்டிமீட்டர் சொல்லிவிடும். சூளையின் பெயர்ப்பலகையில் 230 வோல்ட், 6 கிலோவாட் என்று இருந்தால், வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி வாட்டால் வகுக்க வேண்டும். கம்பியின் மின்தடை சுமார் 8.8 ஓம் என்று கிடைக்கும். மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு அளந்தால் 9.7க்கு மேல் காட்டுகிறதா? அப்படியானால் கம்பி பத்து விழுக்காட்டுக்கு மேல் தேய்ந்துவிட்டது. சூளை சுடும், ஆனால் கடைசி நூறு டிகிரிக்கு ஏறத் திணறும். புதுக் கம்பி விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுவதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் இல்லை.

இந்தப் பழைய சூளைகள் எங்கே கிடைக்கும்? நீலகிரிக்காரர்களுக்கு விடை மலைக்குக் கீழேயே இருக்கிறது. கோயம்புத்தூர் வார்ப்படப் பட்டறைகளின் ஊர், பம்ப் மோட்டார்களின் ஊர், நகை வார்ப்பின் ஊர். கியரும் ஷாஃப்டும் கடினமாக்கும் ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறைகள் பெரிய உலைக்கு மாறும்போது சின்னதைத் தள்ளிவிடும். நகை வார்ப்பவர்களிடம் மெழுகு உருக்கி வெளியேற்றும் உலைகள் இருக்கும். பல் கட்டும் ஆய்வகங்களிலும் கைக்கடக்கமான உலைகள் உண்டு. எனாமல் வேலைக்கும் சிறு கண்ணாடி வேலைக்கும் அவை அருமையாகப் பொருந்தும். கல்லூரி ஆய்வகங்களின் மஃபிள் ஃபர்னஸ்கள் இன்னொரு வகை. மாதத்துக்கு ஒருமுறை மட்டும் ஓடி, தூசு படிந்து நிற்கும் இவற்றின் செங்கல் பல சமயம் புதுசு போலவே இருக்கும். அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் கழித்துக்கட்டுபவை பெரும்பாலும் எம்எஸ்டிசி நிறுவனத்தின் மின் ஏலத்தில் வரும். அங்கே பலதும் மொத்தமாகச் சேர்த்து விற்கப்படும் என்பதால், ஒரு சூளைக்காக ஒரு லாரி இரும்பை வாங்க நேரலாம். காயலான் கடைக்காரர் ஒருவரைக் கூட்டாகச் சேர்த்துக்கொண்டால் இருவருக்கும் நல்லது.

விருத்தாசலத்தையும் ஒருமுறை போய்ப் பார்க்கச் சொல்வேன், வாங்குவதற்காக இல்லாவிட்டாலும் கற்றுக்கொள்வதற்காக. அங்கே அரசு செராமிக் தொழில்நுட்ப நிறுவனமும் பீங்கான் தொழிற்பேட்டையும் இருக்கின்றன. பொம்மையும் சிறு பீங்கான் சாமான்களும் செய்யும் சிறு உற்பத்தியாளர்கள் எல்லாருக்கும் சொந்தச் சூளை கிடையாது. பொதுச் சூளையில் சுட்டு வாங்கும் பழக்கம் அங்கே உண்டு. பகிர்ந்துகொள்ளும் பட்டறை என்ற எண்ணம் வெளியிலிருந்து வந்த புதுமை அல்ல என்பதற்கு அது கண்முன் உள்ள சாட்சி.

புதுச்சேரியில் 1971ல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி இன்னொரு பாடம். இந்தியாவில் இன்று ஸ்டோன்வேர் செய்யும் கலைஞர்களில் எத்தனையோ பேர் அங்கே படித்தவர்கள். சூளைகளை அவர்கள் அங்கேயே கட்டிக்கொண்டார்கள். மீக்கர் ஒரு படி மேலே போய், பச்சைமண்ணால் வீடு கட்டி, உள்ளே செங்கற்களை அடுக்கி, வீட்டையே சூளையாக்கிச் சுட்டுப் பார்த்தார். செங்கல்லின் போக்கு தெரிந்தவர்களுக்குச் சூளை ஒரு மர்மப் பெட்டி அல்ல. பழைய சூளையைப் பிரித்து, நல்ல செங்கல்லைப் பொறுக்கி, தம் தேவைக்கு ஏற்ற அளவில் மறுபடி அடுக்கிக்கொள்ளும் துணிவு அந்த அறிவிலிருந்துதான் வருகிறது.

பலர் சேரும் பட்டறையில் உடனே எழும் ஆசை, ஒரே சூளையில் எல்லாம் செய்துகொள்ளலாமே என்பது. கூடாது. வெப்பநிலை ஒத்துப்போவதால் வேலையும் ஒத்துப்போகும் என்று நினைக்கிறோம். வெண்கலம் 950 டிகிரி வாக்கில் உருகும், சுடுமண்ணும் அதே சூட்டில்தான் வேகும். ஆனால் உலோக வேலைக்குப் பித்தளையும் வரும், அது உருகினால் அதிலுள்ள துத்தநாகம் ஆவியாகி வெண்புகையாகக் கிளம்பும். பழைய உலோகத் துண்டுகளில் ஈயமும் இருக்கும். இவை செங்கல்லின் துளைகளில் படிந்துவிட்டால், அடுத்த வாரம் அதே சூளையில் சுடும் சோற்றுக் கிண்ணத்தின் கிளேஸில் போய்ச் சேரும். கம்பியின் ஆக்சைடு தோலையும் அந்த ஆவி அரிக்கும். ஆகவே மண்ணுக்கு ஒரு சூளை, உலோகத்துக்கு ஓர் உலை என்பது குறைந்தபட்ச விதி. வாங்கும்போதும், இதில் இதுவரை என்ன சுட்டீர்கள் என்பதுதான் விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. பித்தளை என்று பதில் வந்தால் அதை உலோக வேலைக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

உலோக உலையோடு சேர்த்து, உலோகத்தைப் போட்டு உருக்கும் மூசையும் தருகிறோம் என்பார்கள். பழைய மூசை மட்டும் வேண்டவே வேண்டாம். கிராஃபைட் மூசை ஈரத்தை உறிஞ்சும், கண்ணுக்குத் தெரியாத விரிசல் வைத்திருக்கும். உருகிய உலோகத்தைத் தூக்கும் நேரத்தில்தான் அது தன் குறையைக் காட்டும். லவ்டேல் போன்ற ஈரக்காற்று ஊரில் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும். உருக்கப் போடும் கட்டியிலோ ஊற்றும் அச்சிலோ ஈரம் இருந்தால், அது நொடியில் நீராவியாகி உருகிய உலோகத்தை நாலா பக்கமும் தெறிக்கவிடும். எல்லாவற்றையும் முதலில் உலர்த்திச் சூடாக்க வேண்டும், தரையில் உலர்ந்த மணல் பரப்ப வேண்டும்.

மலைக்கே உரிய சங்கதிகள் இன்னும் இருக்கின்றன, சமவெளியில் விற்பவருக்கு அவை தெரிந்திருக்க வாய்ப்பில்லை. லவ்டேல் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். கேஸ் பர்னர் அதே அளவு கேஸை விட்டால் எரிக்கப் போதிய ஆக்சிஜன் கிடைக்காது. சுடர் மஞ்சளாகிப் புகையும், சூடு ஏறாது. ஜெட்டின் துளையைச் சிறிதாக்க வேண்டும், காற்று நுழையும் வழியைப் பெரிதாக்க வேண்டும், விறகுச் சூளை என்றால் புகைபோக்கியை உயர்த்த வேண்டும். சிலிண்டரும் குளிரில் சோர்ந்துபோகும். எல்பிஜியில் உள்ள பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரிக்கு அருகில் ஆவியாவதையே நிறுத்திவிடும். மார்கழி, தை மாதங்களில் புல்வெளியில் உறைபனி பூக்கும் ஊர் இது. ஒற்றைச் சிலிண்டரிலிருந்து வேகமாக உறிஞ்சினால் அது வெளியே பனி பூத்து, அழுத்தம் விழுந்து, சூளை பாதியில் நின்றுவிடும். 19 கிலோ வணிக சிலிண்டர்கள் மூன்று நான்கை ஒரே குழாயில் இணைத்தால்தான் நெடுநேரம் ஓடும்.

இந்தச் சிக்கல்களால் லவ்டேலுக்கு என் வாக்கு மின்சூளைக்குத்தான். அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. கம்பியின் திறன் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். 230க்குப் பதில் 200 வோல்ட் வந்தால் மின்னழுத்தம் குறைவது எட்டில் ஒரு பங்குதான், ஆனால் திறன் நான்கில் ஒரு பங்கு குறைந்துவிடும். மாலையில் எல்லா வீட்டிலும் ஹீட்டர் போடும் குளிர் ஊரில், மின்கம்பி வரிசையின் கடைசியில் பட்டறை இருந்தால், 1,200க்கு எட்ட வேண்டிய சூளை 1,120லேயே நின்றுபோகலாம். சூளை வாங்குவதற்கு முன்பே ஒரு வாரம் பட்டறையில் மின்னழுத்தத்தை மணிக்கணக்காகக் குறித்துப் பாருங்கள். 9 கிலோவாட் சூளை ஒற்றை ஃபேஸில் 39 ஆம்பியர் இழுக்கும், மூன்று ஃபேஸில் பிரித்தால் ஒவ்வொன்றிலும் 13தான். மின்வாரியத்தில் த்ரீ ஃபேஸ் இணைப்பும் போதிய அனுமதிக்கப்பட்ட சுமையும் கையில் வந்த பிறகு முன்பணம் கொடுங்கள்.

இங்கே தண்ணீர் கொதிப்பதும் 100 டிகிரியில் அல்ல, சுமார் 93ல். ஈரம் முழுக்கப் போகாத பானைக்குள் நீர் கொதித்து ஆவியாகத் தொடங்கும் எல்லை அதுதான். சமவெளியில் எழுதிய சூட்டு அட்டவணை 95 டிகிரியில் நாலு மணி நேரம் உலர்த்தச் சொன்னால், இங்கே அது பானையை வெடிக்க வைக்கும். 80ஐத் தாண்டாமல் நிறுத்தி, மூடியைச் சற்றே திறந்து வைத்து, வெளிவரும் காற்றின் முன் கண்ணாடியைக் காட்டிப் பாருங்கள். கண்ணாடி மங்காத நிலை வந்தால் மேலே ஏற்றலாம்.

உயிருக்கு ஆபத்தானவை இரண்டு. பழைய ஆய்வக உலைகளின் கதவுக் கயிறும் உட்பலகையும் ஆஸ்பெஸ்டாஸாக இருக்கக்கூடும். வெண்சாம்பல் நார் தெரிந்தால் நோண்டாதீர்கள், அந்த உலையே வேண்டாம். வெள்ளைப் பஞ்சுபோன்ற செராமிக் ஃபைபர் ஆஸ்பெஸ்டாஸ் அல்ல, என்றாலும் 1,000 டிகிரிக்கு மேல் நெடுநாள் காய்ந்தால் அதில் நுரையீரலைக் கெடுக்கும் கிரிஸ்டோபலைட் உருவாகிறது. பழைய ஃபைபரைக் கழற்றும்போது நனைத்து, தகுந்த முகமூடி அணிந்து எடுக்க வேண்டும். இரண்டாவது, கார்பன் மோனாக்சைடு. மின்சூளையிலும் களிமண்ணிலுள்ள உயிர்ப்பொருள் எரியும்போது அது வரும். அதற்கு வாசனை கிடையாது. குளிர் தாங்காமல் கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு சூளையருகே உட்கார்ந்து கதகதப்பாகப் பேசிக்கொண்டிருப்பதுதான் இந்த ஊரில் இயல்பாக நடக்கக்கூடியது. பட்டறையில் எந்தச் செலவைக் குறைத்தாலும் சூளைக்கென்று தனிக் கொட்டகையும் புகை வெளியேறும் குழாயும் போடும் செலவைக் குறைக்காதீர்கள்.

வாங்கியாகிவிட்டது, மேலே கொண்டுவர வேண்டும். லேசான செங்கல் கொண்டை ஊசி வளைவுகளின் குலுக்கலைத் தாங்காது. மூடியைத் தனியே கழற்றி, உள்ளிருக்கும் தட்டுகளையும் முட்டுகளையும் வெளியே எடுத்து, காலி அறைக்குள் மெத்தை நுரையை இறுக்கமாக அடைத்து, நிமிர்ந்த நிலையிலேயே கட்டி ஏற்றுங்கள். படுக்கப் போட்டால் ஒரு சுவரின் பாரம் முழுக்க மற்றொன்றில் இறங்கிவிடும். மழை ஓய்ந்த தை முதல் பங்குனிக்குள் இந்த வேலையை முடிப்பது நல்லது. தென்மேற்குப் பருவமழையில் வந்து இறங்கிய செங்கல் குடிக்கும் தண்ணீர் இலேசில் போகாது.

யார் சுட வேண்டும், செலவை எப்படிப் பிரிப்பது என்பதைச் சூளை வரும் முன்பே பேசி முடியுங்கள். அடைக்கும் இடத்தின் அளவுக்கு ஏற்பக் கட்டணம் வாங்கி, அதில் ஒரு பங்கைப் புதுக் கம்பிக்கென்று ஒதுக்குவது நியாயமான முறை. சூளையின் பொறுப்பு ஒரே ஆளிடம் இருக்கட்டும், மற்றவர்கள் அவரிடம் கற்றுக்கொண்டு பிறகு முறைவைத்துச் சுடட்டும். எல்லாரும் பொறுப்பு என்றால், கிளேஸ் வழிந்த தட்டைச் சுரண்டி அலுமினாவும் கயோலினும் கலந்த பூச்சைப் பூச எவரும் வரமாட்டார்கள்.

முதல் சூட்டுக்குள் பானை எதுவும் வைக்காதீர்கள். 120 டிகிரியில் ஒரு பகல் முழுக்க மூடி திறந்தபடி காயட்டும். மறுநாள் மணிக்கு நூறு டிகிரிக்கு மிகாமல் 1,000 வரை ஏற்றுங்கள். உள்ளே மேலும் நடுவிலும் கீழும் மூன்று கூம்புகளை வையுங்கள். ஜெர்மானியர் செகர் 1886ல் உருவாக்கிய முறை இது. குறித்த சூட்டில் தலை சாயும் சிறு மண்கூம்பு. 1,000 டிகிரிக்கு அருகில் சாயும் 06 எண் கூம்பு இந்தச் சோதனைக்குப் பொருந்தும். சூளையின் வெப்பமானியான கே வகைத் தெர்மோகப்பிள் 1,000க்கு மேல் அடிக்கடி ஓடியிருந்தால் வழக்கமாக உண்மைச் சூட்டைவிடக் குறைத்துக் காட்டும், அதை நம்பினால் சூளை மிகையாகக் காயும். மீட்டர் 970ல் இருக்கும்போதே மூன்று கூம்பும் சாய்ந்துவிட்டால் தெர்மோகப்பிளை மாற்றுங்கள். மேல்கூம்பு சாய்ந்து கீழ்கூம்பு நின்றால் கீழ்வரிசைக் கம்பியை மீண்டும் அளந்து பாருங்கள். இரண்டும் சரியென்றால் தேதி, மின்னழுத்தம், எத்தனை மணி நேரம், எத்தனை யூனிட் என்று நோட்டில் எழுதி, அடுத்த சூட்டுக்குப் பானைகளை அடுக்கத் தொடங்கலாம்.